வினா யாருடையது? தாமிரபரணிக் கரையில் கிறித்தவத் தற்காப்புவாதமும் இளையோர் கல்வியும்

முன்னுரை

ஒரு சமயத்தின் கொள்கைகளைப் பிறர் எழுப்பும் தடைகளுக்கு விடைகூறி நிறுவும் முயற்சி தற்காப்புவாதம் எனப்படும். கிறித்தவ மரபில் இதற்கு அடிப்படையாகக் காட்டப்பெறுவது பேதுருவின் முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம், 15ஆம் வசனம். நம்பிக்கைக்குக் காரணம் கேட்கும் எவருக்கும் பணிவோடு மறுமொழி கூற ஆயத்தமாயிருக்குமாறு அது பணிக்கிறது. மறுமொழி என்பதற்கு அங்கே ஆளப்பட்டுள்ள கிரேக்கச் சொல், வழக்கு மன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர் கூறும் எதிருரையையும் குறிக்கும். ஆகவே இவ்வாதம் பிறர் கேட்கும் வினாவிலிருந்தே பிறக்கிறது.

வளரிளம் பருவத்தினருக்கு இதனைக் கற்பிக்கும்போது, அவ்வினாவை எழுப்புபவர் யார் என்பது முதன்மைச் சிக்கலாகிறது. ஆசிரியரே வினாவையும் விடையையும் வகுத்துக் கொடுத்தால் மாணவர் பெறுவது மனப்பாடம். மாணவரே வினவினால் ஆசிரியர் தம் விடையின் வலிமையைச் சோதித்துக்கொள்ள நேரும். இவ்விரு முறைகளும் தாமிரபரணிச் சமவெளியின் கிறித்தவக் கல்வியில் எவ்வாறு இடம்பெற்றன என்பதையும், தமிழ்த் தருக்க மரபு அக்கல்விக்கு என்ன வழங்கக்கூடும் என்பதையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஆசிரியர் வினவும் மரபு

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் தங்கிப் பணியாற்றிய அன்றீக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலையும், 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' நூலையும் தமிழில் அச்சிட்டார். பின்னது மார்கோசு சோர்சு என்பார் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்காக உரையாடல் வடிவில் அமைத்த போர்த்துக்கீசிய நூலின் தமிழாக்கம். ஆசிரியர் வினவ, மாணாக்கர் விடையிறுக்கும் அமைப்புடையது. தமிழ் அச்சுநூல் வரலாற்றின் தொடக்கக் காலத்திலேயே, இளையோருக்கான சமய வினாவிடை முத்துக்குளித்துறை மக்களின் கையை எட்டிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீர்திருத்தத் திருச்சபைகள் திருநெல்வேலிப் பகுதியில் பரவியபோதும் இவ்வமைப்பே நிலைபெற்றது. இரேனியசு 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். இவர்கள் காலத்தில் சிற்றூர்ப் பள்ளிகள் பெருகின. ஆங்கிலத் திருச்சபை வழக்கில், திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் ஞானோபதேச வினாவிடையைப் பாராமற் கூறவேண்டும். எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களின் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இப்பயிற்சி வாசிப்பின் வாயிலாக அமைந்ததை மறுக்க இயலாது. மனப்பாடத்தை முற்றிலும் இழித்துரைப்போர் இவ்வரலாற்றுப் பயனைக் காணத் தவறுகின்றனர்.

எனினும் அவ்வமைப்பின் எல்லை தெளிவானது. அதில் வினவுபவர் விடையை முன்னரே அறிந்தவர். மாணவரின் ஐயத்திற்கு அவ்வுரையாடலில் இடமில்லை. வெளியிலிருந்து உண்மையான எதிர்ப்பு வந்தபோது இக்குறை புலப்பட்டது. 1840களில் திருநெல்வேலிச் சீமையில் விபூதி சங்கம் கிறித்தவப் பணிக்கு எதிராகக் கிளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை நிறுவி, 1854இல் 'சைவதூஷணபரிகாரம்' வெளியிட்டார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கப் பணிக்குத் துணைநின்றவர் நாவலர். சைவக் கிரியைகள் மீதான கண்டனத்திற்கு, பழைய ஏற்பாட்டு ஆலய வழிபாட்டையே அவர் சான்றாகக் காட்டி விடையிறுத்தார். எதிர்த்தரப்பின் நூலை அத்தரப்பினர் அளவிற்குக் கற்றதே அவர் வாதத்தின் வலிமை. ஆனால் அவரே சைவச் சிறார்க்கு நூல் செய்ய முற்பட்டபோது 'சைவ வினாவிடை' என்னும் வடிவத்தையே தேர்ந்தார். எதிரெதிர் நின்ற இரு சமயங்களும் இளையோர் கல்வியில் ஒரே கருவியைக் கையாண்டன என்பது கருதத்தக்கது.

மாணவர் வினவும் மரபு

இதற்கு மாறான ஒரு முறை தமிழில் முன்னரே வேரூன்றியிருந்தது. மனவாசகங் கடந்தாரின் 'உண்மை விளக்கம்' சைவ சித்தாந்தச் சிறுநூல். அதில் மாணவர் வினவ, ஆசிரியர் விடை தருகிறார். 'சிவஞான சித்தியார்' பரபக்கத்தில் பிற சமயக் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பின்னரே சுபக்கத்தில் தன் கொள்கையை நிறுவுகிறது.

'மணிமேகலை' இன்னும் பொருத்தமான சான்று. 27ஆம் காதையில் இளம்பெண்ணான மணிமேகலை வஞ்சி நகரில் வேற்றுருக்கொண்டு, அளவைவாதி முதல் பூதவாதி வரை பல சமயக் கணக்கரை அணுகி அவரவர் கொள்கையை அவரவர் வாயிலாகவே கேட்கிறாள். 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு அளவை இலக்கணத்தைக் கற்பிக்கிறார். அதன் பின்னரே 30ஆம் காதையில் அறம் விரிகிறது. முதலில் பிறர் கொள்கையைக் கேட்டல், அடுத்து சிந்திக்கும் முறையைக் கற்றல், இறுதியில் கொள்கையை ஏற்றல் என இவ்வரிசை அமைகிறது. காப்பியம் நடுநிலையானதன்று; பௌத்தத்தின் வெற்றியே அதன் நோக்கம். ஆயினும் அவ்வெற்றிக்கு முன் எதிர்த்தரப்பு பேச வேண்டும் என்னும் ஒழுங்கை அது கைவிடவில்லை. இளையோருக்குத் தற்காப்புவாதம் கற்பிக்கும் எச்சமயத்திற்கும் இவ்வரிசை பாடத்திட்டமாகத் தகும்.

கிருஷ்ணபிள்ளையின் இடம்

இவ்விரு மரபுகளும் ஒருவரிடத்தே சந்தித்த நிகழ்வு எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் வாழ்வு. திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர், 1853இல் சாயர்புரம் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். திருமுழுக்குப் பெற்றது 1858இல். அதற்கு இடைப்பட்ட காலத்தில் கிறித்தவ இளைஞர்கள் ஒரு வைணவரிடம் தமிழ் பயின்றனர். பிற நம்பிக்கையினர் ஒருவர் நாள்தோறும் எதிரே நின்று பாடஞ்சொன்ன அவ்வகுப்பறை, தற்காப்புவாதக் கல்வியின் வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கது. நூலில் எழுதப்பட்ட கற்பனை எதிரியின் இடத்தில் அங்கு மதிப்பிற்குரிய ஓர் ஆசிரியர் நின்றார்.

பின்னர் அவர் படைத்த 'இரட்சணிய யாத்திரிகம்' சான் பன்யன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவியது. 'நற்போதகம்' இதழில் 13 ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களில் 3766 பாடல்கள் கொண்டது. அவர் 1898இல் வெளியிட்ட 'இரட்சணிய சமய நிர்ணயம்' உரைநடையில் அமைந்த சமய வாத நூல். ஒரே ஆசிரியர் நான்காண்டு இடைவெளியில் ஒரே நம்பிக்கைக்காக இரு வடிவங்களைக் கையாண்டுள்ளார்.

தற்காப்புவாதம் என்னும் நோக்கில் உரைநடை நூலே நேரடியானது. ஆயினும் இளையோரை எட்டிய ஆற்றல் காப்பியத்திற்கே உரியது. பன்யனின் கதை, முதுகில் சுமையோடு நிற்கும் ஒருவன் தான் செய்யவேண்டுவது யாதென வினவி அழுவதில் தொடங்குகிறது. அவ்வினா ஆசிரியர் கொடுத்ததன்று. அவன் வழியில் எதிர்ப்படுவோருடன் வாதிடுகிறான், தவறுகிறான், ஐயத்தின் பிடியில் சிக்குகிறான், மீள்கிறான். ஞானோபதேச வினாவிடையில் இடம்பெறாத தடுமாற்றம் இவ்வடிவத்தில் நம்பிக்கையின் பகுதியாகவே ஏற்கப்படுகிறது. கம்பனின் யாப்பு நெறியில் தோய்ந்த கிருஷ்ணபிள்ளையின் செய்யுள், தமிழ்ப் பண்பாட்டிற்குக் கிறித்தவம் அயலானது என்னும் தடைக்கும் வாதமின்றியே விடையாயிற்று.

ஆயின் இப்பாராட்டிற்கும் எல்லையுண்டு. உருவகக் கதையில் மாறுபட்ட கருத்துடையோர் பெயரளவிலேயே தீர்ப்பிடப்பட்டுவிடுகின்றனர். அவர்தம் பெயரே அவர்தம் பிழையைச் சொல்லிவிடும். மணிமேகலையின் சமயக் கணக்கருக்குக் கிட்டிய அளவு பேச்சுரிமையும் அவர்க்குக் கிட்டுவதில்லை. தன் வினாவை யாத்திரிகன் மீட்டெடுத்தான். எதிர்த்தரப்பின் வினா இன்னும் மீட்கப்படவில்லை.

முடிவுரை

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'இரட்சணிய யாத்திரிக'த்தின் ஒரு பகுதி இடம்பெற்று, எல்லாச் சமயத்து மாணவராலும் இலக்கியமாகப் பயிலப்பட்டது. அப்பகுதி, இறைமகன் பழிப்புரைகளையும் துன்பங்களையும் பொறுமையோடு ஏற்று நிற்கும் காட்சி. வழக்கு மன்ற எதிருரையிலிருந்து பெயர்பெற்ற ஒரு துறையின் தமிழ் முகமாக இளையோர் கண்டது, எதிருரை கூறாது நின்ற ஒருவரை. பேதுருவின் திருமுகம் பணிவை வலியுறுத்தியதன் பொருள் இங்கே துலங்குகிறது.

இன்று பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் கிறித்தவப் பிள்ளைகள், பிற சமயத்தவரோடும் சமயம் சாராதவரோடும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர். அவர்களிடம் கேட்கப்படும் வினாக்கள் எந்த வினாவிடை நூலின் வரிசையிலும் வருவதில்லை. ஆகவே அவர்களுக்குத் தேவைப்படுவது கூடுதல் விடைகளைக் காட்டிலும், பிறர் வினாவை அவர்தம் சொற்களிலேயே கேட்டு, அளவை கொண்டு ஆராயும் பயிற்சியே. அதற்குரிய முன்மாதிரி மணிமேகலையிலும் சாயர்புரத்து வகுப்பறையிலும் உள்ளது. மாணவரின் ஐயத்தை நம்பிக்கைக் குறைவாகக் கருதும் வகுப்பறை அந்த முன்மாதிரியை இழக்கிறது. அங்கே கற்பிக்கப்படும் தற்காப்பு, முதல் உண்மையான வினாவின்முன் நிலைகுலையும்.