ஊதா மஞ்சளானால் மருந்தா?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்பதை முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் காற்றில் நின்று, மலையடிவாரத்தில் ஒரு சாக்கு நிறைய ஆவாரை இலை பறித்தேன். முதுகலை புராஜெக்டுக்கு. இந்தக் கட்டுரை ஒரு ஆய்வு வகையைப் பற்றிய விமர்சனம். அந்த வகையில் ஒன்றை நானும் எழுதியிருக்கிறேன் என்பதால் முதல் குற்றவாளி நான்தான்.

செய்முறை எல்லோருக்கும் ஒன்றுதான். இலையை நிழலில் உலர்த்து, பொடியாக்கு. சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனால் ஊற்றி மணிக்கணக்காகக் காய்ச்சு. மெத்தனாலை ஆவியாக்கினால் அடியில் கரும்பச்சைப் பிசின் நிற்கும். அதுதான் சாறு. டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசலில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கரைசல் மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு வெளுத்தது என்று அளந்து, வைட்டமின் சி-யோடு ஒப்பிட்டு ஒரு வரைபடம் போட்டால் பேப்பர் ரெடி.

பிளாய்ஸ் 1958-ல் சொன்ன இந்தச் சோதனை நல்ல சோதனைதான். டி.பி.பி.எச். என்பது இணை சேராத ஒரு எலெக்ட்ரானோடு நிற்கும் மூலக்கூறு. ஹைட்ரஜனோ எலெக்ட்ரானோ கொடுக்க ஆள் வந்தால் நிறம் மாறும். பிரச்சினை என்னவென்றால், பச்சை இலைகளில் பெரும்பாலானவற்றில் அப்படிக் கொடுக்கும் பாலிபீனால்கள் உண்டு. வெயிலையும் பூச்சியையும் தாங்க செடி தனக்காகச் செய்துகொள்பவை அவை. டீக்கடையில் தினம் குடிக்கிற தேயிலையை விட்டாலும் ஊதா மஞ்சளாகும். ‘ஆம்’ என்று மட்டுமே பதில் சொல்லத் தெரிந்த கேள்வியை எத்தனை செடியிடம் கேட்டு என்ன?

ரெண்டாவது ஓட்டை பெரிசு. யாரும் மெத்தனால் சாறு குடிப்பதில்லை, அது விஷம். வீட்டில் தண்ணீரில் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். தண்ணீரில் இறங்குவது வேறு, மெத்தனாலில் இறங்குவது வேறு. குடித்ததிலும் கொஞ்சம்தான் குடலைத் தாண்டும். அதையும் கல்லீரல் உருமாற்றி வெளியே தள்ளப் பார்க்கும். குழாயில் நாம் விட்ட அடர்த்தி ரத்தத்தில் வருவதே இல்லை.

அப்படியே வந்தாலும் நல்லது நடக்கும் என்று சொல்ல முடியாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதே மாதிரி நடந்த இன்னொரு சோதனையை 1996-ல் பாதியில் நிறுத்தினார்கள். உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் பட்டியலை வெளியிட்டுவந்த அமெரிக்க வேளாண் துறை, 2012-ல் அதைத் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. குழாயில் வாங்கிய மதிப்பெண் உடம்பில் செல்லாது என்பதும், விற்பனைக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதும் காரணங்கள்.

என் பேப்பரின் கடைசி வரி: ‘எனவே இச்செடி புற்றுநோய் உள்ளிட்ட நோய்களுக்கு மருந்தாகக்கூடும்.’ புற்றுநோய் செல் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லோரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். அதை வீட்டில் பெருமையாக வாசித்தும் காட்டினேன். பீடி குடிக்கும் சித்தப்பாவுக்கு அப்போது விடாத இருமல். ஆவாரைக் கஷாயம் குடிக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், “நீதானடே எழுதியிருக்க, பெறவு என்ன?” என்பார். ஆவாரை பூத்தால் சாவு கிடையாது என்கிற பழமொழி வேறு துணைக்கு. மூன்று மாசம் கழித்துத்தான் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாச மாத்திரையில் குணமானார். அந்த மூன்று மாசம் வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்கு நான் எழுதிய அந்த ஒரு வரியும் காரணம்.

அப்போ செடியிலிருந்து சாறு எடுப்பதே வீண் வேலையா? இல்லை. வெண்ணெய் உருக்கும்போது அம்மா ஒரு கொத்து முருங்கை இலை போடுவாள். நெய் மணக்கும், சீக்கிரம் காறாது என்பாள். அதுவும் சாறு எடுப்புதான். கரைப்பான் கொழுப்பு, வெப்பம் அடுப்பு. கொழுப்பு காறுவதே ஆக்ஸிஜனேற்றத் தொடர்வினைதான் என்பதால் ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் இங்கே சரியாகப் பொருந்துகிறது. ரோஸ்மேரி இலைச் சாறு உணவுத் தொழிலில் எண்ணெய் கெடாமல் காக்க இன்றும் பயன்படுகிறது. நம் ஊர்த் தேங்காயெண்ணெயும் நெய்யும் எந்த இலையால் எத்தனை நாள் நிற்கும் என்று அளப்பது, புற்றுநோயை வாயால் குணமாக்குவதைவிட நேர்மையான புராஜெக்ட்.

மருந்தே வேண்டுமென்றால் அதற்கும் பக்கத்து மலையிலேயே பாடம் இருக்கிறது. 1987-ல் அகத்தியமலைக் காட்டில், களைப்பே இல்லாமல் நடந்த காணி வழிகாட்டிகள் ஒரு செடியின் காயைத் தின்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் களைப்பு என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு விலங்குகளில் சோதித்தது. அதிலிருந்து பிறந்த ‘ஜீவனி’யை 1995-ல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய் உரிமத் தொகைக்குக் கொடுத்தார்கள். அந்தத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அறக்கட்டளை அமைந்தது. எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். காட்டில் இலை பறிப்பதில் வனத்துறையோடு தகராறு வந்தது. அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. நம் பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிகளுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் அங்கே, சொல்லிக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி கேட்கப்பட்டது. என் பேப்பரில், ஆவாரை இலையை எதற்கு, எப்படி, எவ்வளவு கொடுப்பார்கள் என்று சொன்ன பாட்டியின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை.

இந்த மாதிரிப் பேப்பர் கண்ணில் பட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். எதில் கரைத்தார்கள்? குழாயைத் தாண்டி எதில் சோதித்தார்கள்? யாரிடம் கேட்டுச் செடியைப் பறித்தார்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் முழுசாகப் படியுங்கள். இல்லாவிட்டால் நிறம் மாறியதை மட்டும் நம்பி, கடைசி வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். என் பிரதியில் நான் அடித்துவிட்டேன்.