நடைபாதையிலிருந்து தள்ளப்பட்டவன்

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, இருபத்தோரு ஆண்டுகளுக்குள் இரண்டாவது போரைத் தொடுத்தது ஏன் என்று கேட்டால் நம்மிடம் ஆயத்தமாய் ஒரு விடை உண்டு: வெர்சாய் உடன்படிக்கை, பணவீக்கம், பசி, பிறகு ஹிட்லர். இவ்விடையின் போதாமையை நமக்குத் தெளிவாக உணர்த்துவது ஒரு நாவல். ஹான்ஸ் ஃபல்லாடா 1932இல் வெளியிட்ட 'சின்ன மனிதனே, இனி என்ன?' என்பதே அது.

கதை எளியது. பின்னெபர்க் என்னும் இளம் எழுத்தர் வேலையிழந்து பெர்லினுக்கு வருகிறான். பெரிய அங்காடியொன்றில் ஆண்கள் உடைப் பிரிவில் விற்பனையாளனாகிறான். ஒவ்வொருவரும் மாதந்தோறும் இவ்வளவு விற்றாக வேண்டும் என நிர்வாகம் இலக்கு விதிக்கிறது. இலக்கை எட்ட முடியாத நிலையில், எதையேனும் வாங்கிக்கொள்ளுமாறு ஒரு நடிகரிடம் மன்றாடுகிறான். நடிகர் முறையிடுகிறார், வேலை போகிறது. பின்னொரு நாள், காலர் இல்லாத நைந்த உடையில் கடைக் கண்ணாடி முன் நிற்கும் அவனைக் காவலர் ஒருவர் நடைபாதையிலிருந்து தெருவில் தள்ளுகிறார். அங்கே அவனை உடைப்பது பசியன்று. கண்ணியமானவர்களின் வரிசையிலிருந்து தான் நீக்கப்பட்டுவிட்டோம் என்ற அறிவு. நாவலின் உயிர் இவ்விடத்தில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

தேர்தல் முடிவுகளும் இதையே சொல்கின்றன. 1923இன் பெரும் பணவீக்கத்திற்குப் பின், 1928இல் நாஜிக் கட்சி பெற்றது 2.6 விழுக்காடே. 1929இல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து, ஜெர்மனிக்குத் தந்த குறுகியகாலக் கடன்களை அமெரிக்க வங்கிகள் திரும்பப் பெறத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறிற்று. (வட்டிப் பொருளாதாரத்தின் மீதான நமது வழக்கமான கண்டனத்தோடு இங்கே நின்றுவிடலாம், அது பாதி விடைதான்.) சான்சலர் ப்ரூனிங் அவசர ஆணைகளால் சம்பளங்களையும் உதவித்தொகைகளையும் வெட்டினார். 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் ஏறத்தாழ அறுபது இலட்சம். ஜூலையில் நாஜிகளுக்கு 37 விழுக்காடு. வேலையிழந்தோரில் பலர் கம்யூனிஸ்டுகளையே நாடினர். நாளை தமக்கும் அந்நிலை வருமென அஞ்சிய சிறுகடைக்காரரும் குடியானவரும்தான் ஹிட்லரிடம் பெருமளவில் சென்றனர்.

காயத்தைக் கண்ட ஃபல்லாடா, ஆபத்தைக் காணத் தவறினார். நாவலில் வரும் நாஜி லாவுட்டர்பாக், பொழுது போகாமல் கட்சியில் சேர்ந்து அடிதடிக்குப் போகும் கோமாளி. அவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். 1933க்குப் பின் வந்த பதிப்பில் அதே பாத்திரத்தைக் கால்பந்துக் காவலனாக மாற்றிவிட்டார் ஆசிரியர். அதற்குள் சிரிப்பு ஆபத்தானதாகிவிட்டிருந்தது.

இந்தப் பிழை எழுத்தாளருக்கு மட்டும் உரியதன்று. 1932 நவம்பரில் நாஜிகளின் வாக்கு 33 விழுக்காடாகக் குறைந்தது. எனினும், இந்த மனிதரைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய பாப்பனும் அவர் வட்டத்தாரும் முதிய ஹிண்டன்பர்க்கை இணங்கவைத்தனர். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் சான்சலரானார். அதே மந்தம் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட்டைக் கொணர்ந்ததை நினைத்தால், வறுமை தானாகப் போரை ஈன்றுவிடுவதில்லை என்பது புலனாகும். இடையில் சிலர் கதவைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது.

பின்னர் ஜெர்மனியில் வேலை பெருகியது. வரவர அது ஆயுத உற்பத்தியாலேயே பெருகியது. நான்காண்டுகளில் படையும் பொருளாதாரமும் போருக்கு ஆயத்தமாக வேண்டும் என்று 1936இல் ஹிட்லர் எழுதிவைத்தார். பின்னெபர்க்கைப் போன்றவர்களுக்கு மீண்டும் காலரும் சம்பளமும் கிடைத்தன. 1939 செப்டம்பரில் போலந்தின் மீது படையெடுப்பு தொடங்கியபோது, அவன் வயதினர் முப்பதைக் கடந்துகொண்டிருந்தனர். சீருடை அணியும் வயதுதான்.