பாடம் செய்கிறவரும் கூட வருகிறவரும்

2017 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒரு தணிக்கை அறிக்கை வெளியிட்டது. யூட்டா மாநிலத்திலிருந்து நடக்கும் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம், தன் மாணவர்கள் வழியாகப் பெற்ற அரசு உதவிப் பணத்தில் 71 கோடியே 30 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது அறிக்கை. குற்றச்சாட்டு கையாடல் அல்ல. ஆராய்ந்த 102 பாடங்களில் குறைந்தது 69-இல், ஆசிரியர் மாணவரோடு ஒழுங்காகவும் பொருள்படவும் உரையாடுவதற்குப் பாட அமைப்பிலேயே இடமில்லை என்பதுதான். அப்படியென்றால் அது அஞ்சல்வழிக் கல்வி. மாணவர்களில் பாதிக்கு மேல் அஞ்சல்வழியில் படித்தால் அந்த நிறுவனத்துக்கு அரசு உதவி கிடையாது என்பது அங்குள்ள சட்டம்.

2019 ஜனவரியில் கல்வித் துறை அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. ஒரு டாலர்கூடத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் தணிக்கையாளர் எழுப்பிய கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆன்லைனில் பட்டம் படிக்கிற முப்பத்தைந்து வயதுக்காரருக்கு யார் ஆசிரியர்?

இந்தப் பல்கலைக்கழகத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் கேள்வியின் கனம் புரியும். 1997-இல் அமெரிக்க மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் 19 பேர் சேர்ந்து தொடங்கியது இது. அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். வேலையும் குடும்பமும் உள்ள பெரியவர்களை மனத்தில் வைத்தே எல்லாம் அமைந்தன. ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். அதற்குள் எத்தனை பாடம் முடிக்க முடியுமோ முடித்துக்கொள்ளலாம். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, தெரியும் என்று காட்டினால் போதும். பத்து வருடம் கணக்கு எழுதியவருக்குக் கணக்கியல் முதல் பாடம் இரண்டு வார வேலை. அதே ஆள் புள்ளியியலில் மூன்று மாதம் திணறலாம். அதற்கும் இடமுண்டு.

இதற்காக அவர்கள் ஆசிரியர் என்ற ஒரே ஆளை நான்காகப் பிரித்தார்கள். பாடத்தை உருவாக்குகிறவர் ஒருவர். சந்தேகம் கேட்டால் விளக்கும் பாடப் பயிற்றுநர் இன்னொருவர். விடைகளைத் திருத்தும் மதிப்பீட்டாளருக்கு மாணவர் யாரென்றே தெரியாது. நான்காவது ஆள் வழிகாட்டி: சேர்ந்த நாளிலிருந்து பட்டம் வாங்கும்வரை கூடவே வருகிறவர். தொடக்க மாதங்களில் வாரம் ஒருமுறை போன் செய்து, என்ன படித்தீர்கள், அடுத்த வாரம் என்ன, ஏன் நின்றுபோனது என்று கேட்பார்.

தணிக்கையாளரின் கணக்கில் இந்த வழிகாட்டி ஆசிரியராக வரவில்லை, அவர் பாடத்தில் நிபுணர் அல்ல என்பதால். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, பிள்ளையின் காய்ச்சலுக்கு நடுவில் லேப்டாப்பைத் திறக்கிற ஒருவர் படிப்பை விடுவது, பெரும்பாலும் பாடம் புரியாததால் அல்ல. இரண்டு வாரம் விட்டுப்போகும். மூன்றாவது வாரம் திறக்கவே கூச்சமாக இருக்கும். நான்காவது வாரம் தான் மாணவர் என்பதே மறந்திருக்கும். அந்த மூன்றாவது வாரத்தில் வருகிற ஒரு போன், நோபல் பரிசு வாங்கியவரின் வீடியோவைவிட அதிகம் சாதிக்கும். அந்த வகையில் இவர்களின் ஏற்பாடு, பாதிப் பல்கலைக்கழகங்கள் நேர்வகுப்பில்கூடச் செய்யாத ஒன்று.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மாணவரை அறிந்தவருக்குப் பாடம் தெரியாது. பாடம் அறிந்தவருக்கு மாணவரைத் தெரியாது. திருத்துகிறவருக்கு இருவரையும் தெரியாது. ஒரு பாடத்தின் நான்காம் அலகில் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்ற செய்தி முதலில் வழிகாட்டியின் காதுக்குத்தான் வரும். அதைத் திருத்தும் அதிகாரமோ அவரிடம் இல்லை.

வெஸ்டர்ன் கவர்னர்ஸ் போன்ற பெரிய நிறுவனம் இதற்கு ஏதாவது உள்வழி வைத்திருக்கும். வழக்கமான ஆன்லைன் பட்டங்களில் நிலைமை இன்னும் எளிது, இன்னும் மோசம். ஒரு பேராசிரியரும் பாட வடிவமைப்பாளரும் சில மாதம் உட்கார்ந்து ஒரு மூலப்பாடம் செய்வார்கள். வீடியோ, வாசிப்பு, கேள்விகள், மதிப்பெண் அளவுகோல், கெடு நாட்கள் எல்லாம் அதிலேயே பூட்டியிருக்கும். பிறகு அதை இருபது, முப்பது பிரிவுகளாக நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பகுதிநேர ஆசிரியரை அமர்த்துவார்கள். அவருக்குப் பாடத்துக்கு இவ்வளவு என்று சம்பளம். வேலை: வாழ்த்துச் சொல்லி அறிவிப்புப் போடுவது, விவாதத்தை நடத்துவது, திருத்துவது.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. எந்தப் பிரிவில் விழுந்தாலும் பாடத்தின் தரம் ஒன்றே. நேர்வகுப்பில் நமக்கு வாய்க்கிற ஆசிரியரைப் பொறுத்துத் தலைவிதி மாறுவதுபோல் இங்கே மாறாது. ஆனால் அந்தப் பகுதிநேர ஆசிரியர் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரைப் போன்றவர். சாப்பிடுகிறவர் முகம் சுளிப்பதை முதலில் பார்ப்பது அவர்தான். சமையற்கட்டுக்குள் போய் உப்பைக் குறைக்கச் சொல்ல அவருக்கு வழியில்லை. தவறான ஒரு கேள்வி, அடுத்த திருத்தப் பதிப்பு வரும்வரை, பருவத்துக்குப் பருவம் முப்பது பிரிவிலும் தவறாகவே நிற்கும்.

விவாதம் என்றேனே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமைக்குள் ஒரு பதிவு, ஞாயிறுக்குள் இரண்டு பேருக்கு மறுமொழி என்பது எழுதப்படாத உலக விதி. உரையாடலை அளக்க முடியும் என்று நம்புகிறவர்கள் கண்டுபிடித்தது. விளைவு நாம் எதிர்பார்ப்பதே: ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு, நல்ல கருத்து, நானும் உடன்படுகிறேன் என்று வந்து குவியும் மறுமொழிகள். மருத்துவமனையில் பதினைந்து ஆண்டு செவிலியராக இருந்தவரும், காப்பீட்டு நிறுவனத்தில் புகார்களைக் கையாள்கிறவரும் ஒரே வகுப்பில் இருப்பது எவ்வளவு பெரிய முதல்! பெரியவர்களுக்கான கல்வியில் மாணவர் கொண்டுவரும் அனுபவம் பாதிப் பாடம். ஆனால் முன்கூட்டியே பூட்டிய பாடத்தில் அந்த அனுபவத்தைப் போட்டுவைக்க ஒரு பெட்டியும் கிடையாது.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதே பிரிவினையை இணையத்துக்கு வெகு முன்பே செய்தது. 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் முதல் மாணவர்களோடு தொடங்கியது. முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. கல்வியாளர்களும் பிபிசி தயாரிப்பாளர்களும் சேர்ந்த பாடக்குழு புத்தகத்தையும் ஒளிபரப்பையும் செய்தது; ஊர் ஊராக இருந்த பகுதிநேர ஆசிரியர்கள் மாணவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். அங்கேயும் செய்கிறவர் வேறு, கூட வருகிறவர் வேறு. வித்தியாசம் ஒன்றுதான்: பகுதிநேர ஆசிரியர் விடைத்தாளின் ஓரத்தில் எழுதும் குறிப்பையே அவர்கள் கற்பித்தல் என்று கருதினார்கள். மதிப்பெண்ணோடு கூட அந்தக் குறிப்புகளும் சரியாக இருக்கின்றனவா என்று மேலே ஒருவர் பார்த்தார். சலூனில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் அவளுடைய திறந்தநிலை ஆசிரியரும் மட்டுமே பாத்திரங்களாக வரும் ‘எஜுகேட்டிங் ரீட்டா’ நாடகம் 1980-இல் வந்ததில் ஆச்சரியமில்லை. நாடகம் எழுதும் அளவுக்கு அந்த உறவில் சரக்கு இருந்தது. ஆனால் அந்த ஆசிரியர்களுக்கும் நிரந்தர ஒப்பந்தம் 2022-இல்தான் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாகிவிடும்.

நான் வேலை பார்த்துக்கொண்டே ஒரு முதுகலை படித்தேன். நம் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் அஞ்சல்வழியில். பார்சலில் புத்தகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். பாடத்தைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாலுகா அலுவலக எழுத்தரோடு டீக்கடையில் பேசியதுதான் என்னைத் தேர்வுவரை இழுத்துவந்தது. அனுப்பிய அசைன்மென்ட் திரும்பி வந்தபோது முதல் பக்கத்தில் ஒரு மதிப்பெண் இருந்தது. பதினாறு பக்கத்திலும் வேறு பேனா படவில்லை. அந்த அஞ்சல்வழியைத்தான் இன்று பலர் ஆன்லைன் என்ற புதுச் சட்டையில் விற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பஸ்ஸும் டீக்கடையும்கூட இப்போது இல்லை.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் இந்தப் போக்கின் காரணம் தெரியும். 2008-இல் தொடங்கிய டூயூ என்ற அமெரிக்க நிறுவனம், பல்கலைக்கழகங்களுக்காக ஆன்லைன் பட்டங்களைத் தன் செலவில் உருவாக்கி, விளம்பரம் செய்து, ஆள் சேர்த்து, பதிலுக்குக் கட்டண வருமானத்தில் ஏறக்குறைய 60 சதவீதம்வரை எடுத்துக்கொண்டது. மாணவர் சேர்ப்புக்குக் கமிஷன் கூடாது என்று 1992 முதல் சட்டம் இருக்கிறது. சேவைகளை மொத்தமாகக் கட்டித் தந்தால் வருமானப் பங்கு எடுக்கலாம் என்று 2011-இல் கல்வித் துறை தந்த விளக்கம்தான் இதற்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது. டூயூவோடு சேர்ந்து தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் நடத்திய ஆன்லைன் சமூகப்பணி முதுகலைக்குக் கட்டணம் 1 லட்சம் டாலரைத் தாண்டியது. சமூகப்பணியாளரின் சம்பளம் என்ன என்று தெரிந்தவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். 2024 ஜூலையில் டூயூ திவால் பாதுகாப்புக் கோரியது.

இந்த ஏற்பாட்டில் செலவு முழுவதும் முன்னாலேயே நடக்கிறது: படப்பிடிப்பு, வடிவமைப்பு, விளம்பரம். அது ஒருமுறைச் செலவு. மாணவர் கூடக் கூடத் தலைக்கு ஆகும் பங்கு குறையும். கூட வருகிறவரின் செலவு அப்படிக் குறையாது. ஆயிரம் பேருக்கு ஒருவர் செய்யும் போன்கள் பத்தாயிரம் பேருக்குப் பத்துப் பேர் செய்ய வேண்டியவை. ஆகவே கணக்குப் பார்க்கிறவர் கை எப்போதும் அங்கேதான் நீளும்.

இதற்கு மறுப்பாக அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கணினி அறிவியல் முதுகலையைக் காட்டுவார்கள். நியாயமான மறுப்பு. 2014 ஜனவரியில் 380 பேரோடு தொடங்கி, முழுப் பட்டமும் ஏறக்குறைய 7,000 டாலர் என்று வைத்து, பத்தாயிரம் பேரைத் தாண்டி வளர்ந்தது. நேர்வகுப்புக்கு விண்ணப்பித்தவர் சுமார் 24 வயது. இதற்கு விண்ணப்பித்தவர் 34 வயது, வேலையில் நடுவழியில் இருப்பவர். இங்கே இடம் கிடைக்காதவர்களில் மிகச் சிலரே வேறெங்கும் சேர்ந்தார்கள் என்று பொருளியலாளர்கள் கண்டார்கள். அதாவது இந்தக் கதவு இல்லையென்றால் அவர்கள் படித்தே இருக்க மாட்டார்கள். மலிவு என்பதையே இழிவாகப் பேசுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஆனால் அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் முன்பே ஒரு தொழில்நுட்பப் பட்டம் வாங்கி, தானாகப் படிக்கப் பழகியவர்கள். அந்தப் படிப்பின் ஒரு பாடத்தில்தான் 2016-இல் அதை நடத்திய பேராசிரியர் அசோக் கோயல் ‘ஜில் வாட்சன்’ என்ற செயற்கை அறிவு உதவியாளரை அமர்த்தினார். பருவத்துக்குப் பத்தாயிரம் செய்திகள் குவியும் வகுப்பில் அது பதில் சொன்னது. மனிதர் அல்ல என்று பருவ முடிவில் சொல்லும்வரை மாணவர்களுக்குத் தெரியவில்லை. சாமர்த்தியமான வேலை. கெடு எப்போது, எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்பவை போன்ற, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இயந்திரத்திடம் விடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது கேட்கிறவருக்குத்தான் பதில் சொல்லும். படிப்பை விடப்போகிறவர் கேள்வி கேட்பதில்லை. அவர் சும்மா வராமல் இருந்துவிடுகிறார்.

இந்தியாவில் 2020-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆன்லைன் கல்வி விதிகள் பல விஷயங்களில் அக்கறையானவை. வீடியோ, மின்பாடம், விவாதம், தன்மதிப்பீடு என்று நான்கு பகுதியும் கேட்கின்றன. கூட வருகிறவருக்கும் இடம் வைத்திருக்கின்றன: 250 மாணவர்களுக்கு ஒரு பாட வழிகாட்டி. அந்த ஒருவர் ஒவ்வொரு மாணவருக்கும் வாரம் பத்து நிமிடம் ஒதுக்கினால் 2,500 நிமிடம், அதாவது 41 மணி 40 நிமிடம். அதில் ஒரு விடைத்தாளும் திருத்தியிருக்க மாட்டார்.