யாருடைய விழா?

ஒரு சமூகம் தன் பெயரால் திரைப்பட விழா நடத்துகிறது என்று கேட்டால் எனக்கு முதலில் எழுவது அவநம்பிக்கைதான். சாதிச் சங்க ஆண்டு மலர்களைப் பார்த்துப் பழகிய கண் இது. முதல் பக்கத்தில் புரவலர் படம். உள்ளே முன்னோர் பெருமை. பின்னட்டையில் நகைக்கடை விளம்பரம். பார்க்க வருகிறவர்களும் தம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மனநிலையில்தான் வருவார்கள். இதில் விமர்சனப் பிரக்ஞைக்கு இடம் ஏது?

இருந்தும், யூதத் திரைப்பட விழாக்களின் சரித்திரம் என் அவநம்பிக்கையைச் சற்று அசைத்திருக்கிறது. முற்றாக அல்ல.

இவற்றில் மூத்தது ஸான் பிரான்ஸிஸ்கோ விழா. 1980இல் டெபோரா காஃப்மன் தொடங்கினார். ஹாலிவுட் வார்த்துத் தந்த யூதப் பாத்திரங்களின் மேல் கொண்ட அதிருப்திதான் அதன் தொடக்கம். ஆக, பிறப்பிலேயே அது ஒரு விமர்சனக் காரியம். பின்னர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஊர்களில் இத்தகைய விழாக்கள் முளைத்தன.

படம் தேர்வதுதான் விமர்சனத்தின் மிக உக்கிரமான வடிவம் என்பது என் எண்ணம். நாம் ஒரு படத்தை நிராகரித்துப் பத்துப் பக்கம் எழுதலாம். படத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. விழா நடத்துகிறவன் நிராகரித்தால் அந்த வருஷம் அந்த ஹாலில் அந்தப் படம் இல்லை. ஆனால் இந்த விமர்சகன் ஹால் வாடகையும் கட்ட வேண்டியவன். எங்கள் ஊர் பிலிம் சொஸைட்டிக்கு நான்கு வருஷம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'இந்தப் படத்தைப் போடாதே' என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த வருஷம் நன்கொடை வருவதில்லை, அவ்வளவுதான். வரவுப் பத்தியில் ஒரு வெற்றிடம். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டவன் தானாகவே பாதுகாப்பான படங்களைத் தேடிப் போய்விடுகிறான். தணிக்கைக்கு அதிகாரி தேவையில்லை, குமாஸ்தா போதும்.

2009இல் ஸான் பிரான்ஸிஸ்கோ விழா ஸிமோன் பித்தோனின் 'ரேச்சல்' என்ற ஆவணப் படத்தைத் தேர்ந்தது. 2003 மார்ச் 16 அன்று காஸாவின் ராஃபாவில், வீடுகள் இடிபடுவதைத் தடுக்க நின்ற ரேச்சல் கோரி என்ற 23 வயது அமெரிக்கப் பெண் இஸ்ரேலிய ராணுவ புல்டோஸரில் நசுங்கி இறந்ததைப் பற்றிய படம். ஓட்டியவன் அவளைப் பார்க்கவில்லை என்பது ராணுவத்தின் வாதம். பித்தோன் மொராக்கோவில் பிறந்த யூதர்; இஸ்ரேலியப் பிரஜையும்கூட. படம் முடிந்ததும் பேச ரேச்சலின் தாயை விழாவினர் அழைத்திருந்தார்கள். எதிர்ப்பு மூண்டது. விழாக் குழுத் தலைவர் பதவி விலகினார். சமாதானமாக, படத்துக்கு முன்பு எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் பேச இடம் தரப்பட்டது. ஹாலில் ஒரு பகுதி அவரைக் கூச்சலால் எதிர்கொண்டது.

படத்தைத் தேர்ந்தது சரி. அதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்குத் தகராறு. ஒரு படம் மனு அல்ல, எதிர்மனு போட்டுச் சமன் செய்ய. அந்தப் படத்துக்குள்ளேயே ராணுவத்தின் குரலும் இருக்கிறது. அதைப் பார்வையாளன் எடைபோடுவான் என்ற நம்பிக்கை விழாவினருக்கே இல்லாமல் போயிற்று. ஆனால் தாயை மேடைக்கு அழைத்தபோதே படத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் வேலையை அவர்கள் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு சாட்சி வந்தால் மறு சாட்சி கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பேச்சுரிமையின் பேரால் கூடியவர்கள் ஒரு மனிதனைச் சில நிமிஷம் பேசவிடாமல் கத்தியதற்கு எந்த நியாயமும் இல்லை. 2010 பிப்ரவரியில் அவ்வூர் யூதக் கூட்டமைப்பு, யாருக்கு நிதி தரலாம், தரக்கூடாது என்று விதிகள் வகுத்தது. இஸ்ரேலின் நியாயத்தன்மையைக் குலைக்கும் காரியங்களுக்குப் பணம் இல்லை. வரவுப் பத்தி வாய் திறந்து பேசிவிட்டது.

இதன் மறுபக்கம் லண்டனில், 2014இல். காஸா யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பிரிட்டனின் யூதத் திரைப்பட விழாவுக்கு எட்டு வருஷமாக இடம் தந்துவந்த ட்ரைஸிகிள் தியேட்டர், விழா இஸ்ரேல் தூதரகத்திடமிருந்து பெறும் பணத்தை விட்டுவிட வேண்டும், ஈடாகத் தானே தருவதாகச் சொன்னது. தொகை சுமார் 1,400 பவுண்டு. விழா மறுத்து வெளியேறியது. பெருங் கண்டனத்துக்குப் பின் ஆகஸ்ட் மாதத்திலேயே தியேட்டர் தன் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கியது; ஆனால் அந்த வருஷ விழா அங்கே நடக்கவில்லை.

பாங்கியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு 1,400 பவுண்டு ஒரு விழாவின் செலவில் எவ்வளவு என்பது தெரியும். அது பணம் அல்ல, முத்திரை. ஈடு தருகிறேன் என்றதிலும், வேண்டாம் என்றதிலும் இரு தரப்பும் இதை ஒப்புக்கொண்டுவிட்டன. யுத்தத்தில் இருக்கும் எந்த அரசின் பணமும் வேண்டாம் என்ற தியேட்டரின் கொள்கையில் நேர்மை இருக்கலாம். ஆனால் எட்டு வருஷம் கேட்காத கேள்வியை ஒரு சமூகத்தின் விழாவிடம் கேட்கும்போது, அது கணக்கு பற்றிய கேள்வியாக நிற்பதில்லை; நீ யார் பக்கம் என்ற நற்சான்றுப் பத்திரமாகிவிடுகிறது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் சொந்த வீட்டார் கேட்டதும் இதே பத்திரம்தான்.

அப்போது ட்ரைஸிகிளின் கலை இயக்குநர் இந்து ரூபசிங்கம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகள். இதைப் படிக்கும் நம்மில் சிலர் உடனே நிமிர்ந்து உட்காருவோம் -- 'நம்மவர்' செய்தது சரியாகத்தான் இருக்கும் என்று, அல்லது நம்மவரா இப்படி என்று. செய்கையைப் பார்க்குமுன் பிறப்பைப் பார்க்கிறோம். எந்த வியாதியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேனோ அது இதுதான்.

கடைசியாக ஒரு படம். 'டிப்புக்', 1937, வார்ஸா. இறந்த காதலனின் ஆவி மணப்பெண்ணின் உடலில் புகும் கதை. இத்திஷ் மொழியில் எடுக்கப்பட்டது. சில வருஷங்களுக்குள் அந்த மொழி பேசிய உலகமே அங்கு அழிக்கப்பட்டது. யூதத் திரைப்படம் என்றால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. எடுத்த மிகல் வாஷின்ஸ்கி யூதராகப் பிறந்து, கத்தோலிக்கராக மாறி, பிற்பாடு இத்தாலியில் போலந்து இளவரசர் என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்தவர். எந்தச் சமூகத்தின் நற்சான்றும் அவருக்குக் கிடைத்திராது. அவரே கேட்டிருக்கவும் மாட்டார். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சமூகம் வைத்துக்கொள்ள வேண்டிய முகத்தை அந்த ஓடிப்போன மனிதர்தான் எடுத்து வைத்திருக்கிறார்.

ஒரு சமூகத்தின் விழா அந்தச் சமூகத்துக்கு என்ன செய்யலாம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. புரவலருக்கு வேண்டியதும் எதிரிக்கு வேண்டியதும் அதன் தேர்வில் ஒருங்கே பொய்க்க வேண்டும். அப்படித் தேர்கிறவனுக்கு அடுத்த வருஷம் ஹால் கிடைக்குமா என்பது வேறு விஷயம். முந்நூறு சந்தாவில் பத்திரிகை நடத்தும் நமக்கு அந்தக் கணக்கு புதிதல்ல.