அடுப்பும் விளக்கும்: சங்கப் பாட்டில் இல்லத்து வழக்கங்கள்

பழைமையைப் போற்றுதல் வேண்டும் என்பாரும், காலத்திற்கேற்ப மாறுதல் வேண்டும் என்பாரும் தமிழ் மேடைகளில் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். இரு சாராரும் சங்க இலக்கியத்தையே சான்றாக அழைக்கின்றனர். ஆயின், சங்கப் புலவர்கள் எந்த இல்லத்து வழக்கத்தை எதற்காகப் பாடினர் என்று பாட்டினுள் புகுந்து காண்பார் சிலரே. காதலையும் வீரத்தையும் கொடையையும் விரித்துரைத்த திறனாய்வு, அடுக்களையையும் மாலை விளக்கையும் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து போயிற்று. அவற்றின்பால் சற்றே நின்று நோக்குவது இக்கட்டுரையின் எண்ணம்.

கேமரன் மலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் அமைந்த தாப்பா போன்ற ஊர்களின் தமிழர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இருள் பிரியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிப் பெரட்டுக்குச் சென்று, பால் வாளியோடு திரும்பி, அந்திப் பொழுதில் லயத்து வீட்டில் விளக்கேற்றியவர்கள் முந்திய தலைமுறையினர். மலாயாவின் தோட்டங்கள் பல 1950களிலும் 1960களிலும் துண்டாடப்பட்டன. பின்னர் ரப்பர் நின்ற நிலங்களில் செம்பனை எழுந்தது. லயத்து மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். துண்டாடலின் கொடுமை கண்டு 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நிலத்தைக் காக்க ஒரு சங்கம் எழுந்தது. வீட்டினுள் வாழ்ந்த பழக்கங்களைக் காக்க எச்சங்கம் எழும்? அஃது அவ்வவ் வீட்டாரே செய்து முடிக்க வேண்டிய பணி.

இனிப் பாட்டிற்கு வருவோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளால் ஆயது, நக்கீரர் பாடியது. வாடைக்காலத்து நகரை அவர் காட்டும் பகுதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. மழை மூட்டத்தால் பகலும் இரவும் வேறுபாடின்றிக் கிடக்கின்றன. இரை தேடச் செல்லாத புறாக்கள் பொழுது தெரியாமல் மயங்கி நிற்கின்றன. மகளிரோ, கூடையில் இட்டுவைத்த பிச்சியின் அரும்புகள் இதழ் விரித்து மணப்பதைக் கொண்டு மாலை வந்தது என்று அறிகின்றனர். இரும்பு விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர்.

அதே இடத்தில் புலவர் மற்றொன்றையும் காட்டுகின்றார். குளிர் மிகுந்தமையால் சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கின்றது. வேனிலில் வீசிய விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டு, அதன்மேல் சிலந்தி நூல் படர்ந்துள்ளது. குளிர்ந்த நீரைப் பருகுவார் இலர். தீயின் வெம்மையை நாடுவார் பலர். காலம் மாறியதும் பழந்தமிழ் இல்லம் தன் கருவிகளை மாற்றிக்கொள்ளத் தயங்கவில்லை என்பது இதனால் புலனாகும். விசிறியைக் கைவிட்ட அவ்வில்லம் விளக்கைக் கைவிடவில்லை. கதிரவன் தெரியாத நாளிலும் ஒரு பூவைக் கேட்டேனும் விளக்கேற்றும் பொழுதை அறிந்துகொண்டது. எது மாறலாம், எது மாறலாகாது என்ற தெளிவை நக்கீரர் அறவுரையாகக் கூறாமல் ஒரு காட்சியாகவே அமைத்துள்ளார். புலமையின் உயர்வு அது.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் இயற்றியது. மணமகள் இல்லம் சென்று கண்டு வந்த செவிலி, நற்றாய்க்குக் கூறுவதாக அமைந்தது. செல்வமாக வளர்ந்த பெண் தன் விரலால் தயிரைப் பிசைகின்றாள். அவ்விரலை உடையில் துடைத்துக்கொள்கின்றாள். தாளிப்புப் புகை கண்ணில் படியச் சமைக்கின்றாள். கணவன் உண்டு, நன்றாயிருக்கிறது என்கின்றான். அவள் முகம் பிறர் எளிதில் அறியா வண்ணம் மகிழ்கின்றது.

இப்பாட்டை இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டிப் பாராட்டுவோர் புகையை மறந்துவிடுகின்றனர், புலவர் மறக்கவில்லை. அடுப்படியின் உழைப்பு பெண்ணின் கண்ணை எரித்தது என்பதை அவர் மறைக்காமல் கூறியுள்ளார். பழைய பழக்கம் வேண்டும் என்போர் அப்புகையையும் திரும்பக் கொணர வேண்டுவதில்லை. எரிவாயு அடுப்பு வந்தமை நன்றே; சமையற்பணியில் ஆடவரும் பங்கு கொள்ளுதல் அதனினும் நன்று. அழியாமல் நிற்க வேண்டியது, சமைத்தவர் முகம் மலர உண்டவர் கூறும் அந்த ஒரு சொல்லே.

வறுமையிலும் வழக்கம் எவ்வாறு நின்றது என்பதைச் சிறுபாணாற்றுப்படை காட்டும். பாணன் வீட்டார்க்கு உணவென்று இருந்தது குப்பையில் முளைத்த கீரை; அதனை உப்பின்றி வேகவைத்தனர். பிறர் காண நாணி வாயிற்கதவை அடைத்தனர். எனினும், சுற்றத்தாரோடு ஒருங்கிருந்தே உண்டனர். உப்பு இல்லாத வீட்டிலும் உடனிருந்து உண்ணும் வழக்கம் இருந்தது! புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார், குமணனிடம் தம் வீட்டு அடுப்பின் நிலையைக் கூறுகின்றார்: சமைத்தலையே மறந்த அடுப்பில் காளான் பூத்துக் கிடக்கின்றது. அன்று அடுப்பு குளிர்ந்தது இல்லாமையால். இன்று பல வீடுகளில், எல்லாம் இருந்தும் அடுப்பு குளிர்ந்திருக்கின்றது. உணவு பொட்டலத்தில் வருகின்றது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில், கைப்பேசியை நோக்கியவாறு உண்கின்றனர். இவ்விரண்டனுள் எது பெரிய வறுமை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாற்றத்தை முழுதும் ஏற்போர் நன்னூலைத் துணைக்கு அழைப்பர். பழையன நீங்குதலும் புதியன சேர்தலும் குற்றமாகா எனப் பவணந்தியார் கூறியது உண்மையே. ஆயின், அவர் கூறியது சொல்லும் இலக்கணமும் காலத்தால் அடையும் மாற்றத்தைக் குறித்து. மாற்றம் குற்றமன்று என்றாரேயன்றி, மாறாமல் நிற்பது குற்றம் என்றாரல்லர். ஒரு நூற்பாவைப் பாதியளவில் பொருள் கொண்டு வாழ்வு முழுமைக்கும் விதியாக்குதல் இலக்கண நெறியும் ஆகாது. திறனாய்வு நெறியும் ஆகாது.

தமிழ்ப்பள்ளி வகுப்பறையில், பண்பாட்டைக் காப்போம் என்னும் தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் பெரிய சொற்களால் நிறைந்திருக்கின்றன. ஒரு விளக்கோ, ஒரு வேளைச் சோறோ அவற்றில் இடம்பெறுவதில்லை. குறை மாணவரிடம் அன்று. கற்பிக்கும் முறையில் உள்ளது. நெடுநல்வாடையின் இப்பகுதியைப் படிப்பித்தபின், வீட்டில் மாலை வந்ததை எதனால் அறிகின்றீர் என்று ஆசிரியர் ஒரு வினா எழுப்பலாம். பாட்டியைக் கேட்டு எழுதி வருமாறு பணிக்கலாம். பால்மரம் சீவிய கை அந்தியில் விளக்கேற்றிய கதை அப்பொழுது ஏட்டிற்கு வரும். சங்கப்பாட்டும் லயத்து வீடும் ஒரே மரபின் இரு காலங்கள் என்பதை மாணவர் தாமே உணர்வர்.

விசிறி சுருங்கலாம், புகையடுப்பு மறையலாம். விளக்கேற்றும் பொழுதும், உடனிருந்து உண்ணும் முறையும், உண்டபின் கூறும் இன்சொல்லும் மறையலாகா. பொருட்செலவு வேண்டாத இவற்றை இழந்த பின்னர், விழா மேடையில் எத்துணை விளக்கேற்றினும் வீட்டின் இருள் நீங்காது.