புளியஞ்சோலையோடு நின்றுவிடும் சாலை

ஏலாக்குறிச்சி கொள்ளிடக் கரையில் இருக்கும் சமவெளி ஊர். வீரமாமுனிவர் பெயரோடு சேர்ந்த அடைக்கல மாதா கோயிலுக்கு வெளியூர் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். உள்ளூர்க்காரர்களோ நாலு நாள் விடுமுறை கிடைத்தால் மலையைத் தேடிப் போவார்கள். பக்கத்தில் பச்சைமலை, அதைத் தாண்டினால் கொல்லிமலை. கைபேசியில் பெயரைத் தட்டினால் வழி வந்துவிடுகிறது, இதில் திட்டமிட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் இப்போது அதிகம். காகித வரைபடத்தை விரித்துவைத்துப் பென்சிலால் கோடு போடுகிறவர்களைப் பழைய காலத்துப் பித்தர்களாகப் பார்க்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் எங்கள் கட்சியார் சொல்லும் காரணங்களில் பாதி செல்லாதவை.

அடிக்கடி கேட்பது இது: “மலையில் டவர் கிடைக்காது, மேப் நின்றுவிடும்.” கைபேசி தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையை வைத்துக் கணக்கிடுகிறது. அதற்கு டவர் கட்டாயமில்லை. டவர் இல்லாமல் நிற்பது வரைபடப் படமும் போக்குவரத்து நிலவரமும்தான். வீட்டிலேயே அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் எந்த வளைவிலும் நீலப் புள்ளி நம்மோடு நகரும். காகிதத்தால் ஒருபோதும் தரமுடியாத கொடை அந்தப் புள்ளி. தாளை எத்தனை நன்றாகப் படிக்கத் தெரிந்தாலும், நாம் நிற்பது எங்கே என்று தெரியாவிட்டால் அது வெறும் படம். இந்த ஒரு விஷயத்தில் காகிதம் தோற்றது தோற்றதுதான்.

காகிதம் ஜெயிக்கும் இடம் வேறு. ஏலாக்குறிச்சியிலிருந்து கொல்லிமலைக்குப் போக அரியலூர், பெரம்பலூர், துறையூர், நாமக்கல் என்று போய், சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளியில் மலையேற வேண்டும். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சாதாரணச் சாலை வரைபடத்தில் துறையூருக்கும் கொல்லிமலைக்கும் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கும். துறையூரிலிருந்தே நேராக ஏறிவிட்டால் என்ன, நாமக்கல் வரை எதற்குச் சுற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். துறையூர்ப் பக்கத்து அடிவாரத்தில் புளியஞ்சோலை என்ற ஊர் வரைக்கும் சாலை உண்டு. அதற்கு மேல் நடைபாதை மட்டுமே.

கைபேசியிடம் கேட்டால் அது சரியாகவே சுற்றுவழியைக் காட்டும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏன் சுற்றுகிறோம் என்று அது சொல்வதில்லை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளை விரித்தால் காரணம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள், ஒவ்வொன்றும் அடுத்ததைவிட 20 மீட்டர் உயரம். சமவெளியில் விலகி விலகி ஓடும் கோடுகள் மலையின் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும். அதுதான் சுவர். அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு இறங்குவது அய்யாறு. மேலே அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கை அருவியாக விழுவதும், கீழே புளியஞ்சோலையில் பாறைகளுக்கிடையே ஓடுவதும் இந்த ஒரே ஆறுதான்.

இதைத் தாளில் கண்டவருக்குப் பயணமே மாறிவிடும். போகும் வழியில் கொஞ்சம் ஒதுங்கிப் புளியஞ்சோலையில் காலை நனைத்துவிட்டு, பிறகு மலையைச் சுற்றி ஏறி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அதே தண்ணீர் விழுவதைப் பார்க்கலாம். நேரக் கணக்கில் இது நஷ்டம். கைபேசிக்கு நேரக் கணக்குதான் தெரியும். நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்கிறது, கேட்கத் தோன்றாததை அது எடுத்துக் கொடுப்பதில்லை. தாளில் பதில் எதுவும் எழுதியிருக்காது. அதனால்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேள்விகள் முளைக்கின்றன.

இன்னொன்று. நில அளவைத் தாளில் வற்றாத ஓடைகளை நீலத்திலும், மழைக்குப் பின் வறண்டுபோகும் ஓடைகளைக் கறுப்பிலும் வரைவார்கள். பச்சைமலைச் சரிவுகளில் அருவிகள் பல உண்டு, பெரம்பலூர்ப் பக்கத்து மயிலூற்று, கோரையாறு உட்பட. கைபேசியில் அவற்றைத் தேடினால் வெள்ளமாகக் கொட்டும் படங்கள் வரிசையாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போனவர்கள் எடுத்தவை அவை. வறண்ட பாறையைப் படம் எடுத்து ஏற்றுகிறவர் யார்? சித்திரை வெயிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்களுக்கு அந்தக் கறுப்புக் கோடு முன்பே சொல்லியிருக்கும். நூறு நட்சத்திர மதிப்பீடுகளைவிட ஓடையின் நிறத்தை நான் நம்புவேன்.

இவ்வளவு சொன்ன பிறகு தாளின் குறைகளை மறைப்பது நியாயமில்லை. அது சுற்றுலாப் பயணிக்காக வரையப்பட்டதே இல்லை. அதற்கு அடித்தளமான, 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவை, ஆளவும் படை நடத்தவும் வேண்டியிருந்த ஓர் அரசின் வேலை. மலை நாட்டில் சிகரத்துக்குச் சிகரம் பார்த்து அளந்துவிடலாம். காவிரிப் பாசனச் சமவெளியில் தென்னையும் பனையும் பார்வையை மறைத்ததால் கோயில் கோபுரங்களில் ஏற வேண்டியிருந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கோணமானியை மேலே இழுத்தபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதை லாம்டனே உட்கார்ந்து பழுது பார்த்தார். ஏலாக்குறிச்சிக்காரர்கள் கொள்ளிடத்தைத் தாண்டினால் அந்தக் கோயில் தொலைவில்லை. கிணறு, ஏரி, குடிசை, வண்டிப்பாதை, காட்டு எல்லை என்று தாளில் எல்லாம் இருக்கும். உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தோதான இடம் எது என்று அதில் இருக்காது. ஊர்ப்பெயர்களும் ஆங்கிலத்தில்தான்.

படைப் பார்வை விலகவும் வெகுநாள் ஆயிற்று. 2005ஆம் ஆண்டு வரைபடக் கொள்கைதான் ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2017 முதல் பொது வரிசைத் தாள்களை இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ள முடிந்தது. ஆக, காகிதக் கட்சிக்காரன் இன்று செய்வது என்ன? கைபேசியில் தாளை இறக்கி, அரியலூர் ஜெராக்ஸ் கடையில் வண்ணப் பிரதி எடுக்கிறான். அதுவும் ஒரு தாளோடு முடியாது. பழைய எண் முறையில் அரியலூர் 58 எம், கொல்லிமலை 58 ஐ. இரண்டுக்கும் நடுவில் நாலைந்து தாள்களாவது ஒட்ட வேண்டும். பழைய அளவையில் வரைந்த தாளாக இருந்தால் பெரம்பலூரைக் கடக்கும் நான்குவழிச் சாலையே அதில் இருக்காது. சுண்ணாம்புக்கல் லாரிகள் அரியலூர்ச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பதை எந்தக் காகிதமும் சொல்லாது. அந்த நேரத்தில் கைபேசியின் சிவப்புக் கோடுதான் கைகொடுக்கும்.

ஆனால் அதே கைபேசியை எந்நேரமும் நம்பவும் முடியாது. 2024 ஜனவரியில் கூடலூரில் கர்நாடகத்திலிருந்து வந்திருந்த நண்பர்கள், செயலி காட்டிய வழியில் வண்டியை ஓட்டிப்போய்ப் படிக்கட்டில் சிக்கிக்கொண்ட செய்தி வந்தது. எல்லாரும் சிரித்தோம். மேலிருந்து பார்க்கும் படத்தில் படிக்கட்டும் சந்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். சரிவைக் காட்டாத வரைபடம் மலையில் அரைகுறையான வரைபடமே. செயலிகளிலும் நிலத்தோற்றம் காட்டும் அடுக்கு உண்டு. அதைத் தேடித் தட்டி வைக்க வேண்டும் என்பதால் பெரும்பாலோர் தட்டுவதில்லை. இங்கே பழி கருவிக்கா, பழக்கத்துக்கா என்றால் பழக்கத்துக்கே பெரும்பங்கு.

இரண்டு வரைபடங்களும் ஒருசேரக் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: அனுமதி. சத்தியமங்கலம் காட்டில் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது, உயர் நீதிமன்ற உத்தரவு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். இவை நிலத்தில் இல்லை, அரசாணையிலும் நாள்காட்டியிலும் இருக்கின்றன. கொல்லிமலைக்கு இத்தகைய கெடுபிடி குறைவு என்றாலும், ஆடிப் பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாளில் அந்த எழுபது வளைவுகளில் ஏறிப் பார்த்தால் வேறு மலையாகத் தெரியும். இதை, மலைமேல் உள்ள செம்மேட்டுக்குப் போகும் பேருந்தின் நடத்துநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே சுலபம்.

நான் பரிந்துரைப்பது இரண்டையும் சம அளவில் கலக்கும் சமரசம் இல்லை. எங்கே போவது, எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே நிற்பது என்பதெல்லாம் தாளின் வேலை, அதுவும் வீட்டில், இரண்டு நாள் முன்னால். சமவெளி ஓட்டம் முழுக்கக் கைபேசியின் வேலை. மலையில் மட்டும் கைபேசி சொல்லும் வந்துசேரும் நேரத்தைத் துணிந்து புறக்கணிக்கலாம். வளைவுகளில் எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கி நிற்கும் நேரமும், வாந்தி எடுக்கும் பிள்ளைக்காக நிறுத்தும் நேரமும் அந்தக் கணக்கில் இல்லை. திரும்பும்போது வெளிச்சம் இருக்கையிலேயே காரவள்ளிக்கு இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு நாமக்கல், துறையூர், பெரம்பலூர் வழியாகக் கொள்ளிடக் கரை வந்துசேர எத்தனை மணியானாலும் நீலப் புள்ளியே பார்த்துக்கொள்ளும்.