விழத் தெரியாதவன் மேல் விழும் குத்து

காந்திபுரம் நூறடி ரோட்டில் ஒரு தட்டி பார்த்தேன். கிளவுஸ் மாட்டிய இளைஞன் படம், கீழே தற்காப்புக்குக் குத்துச்சண்டைப் பயிற்சி என்று கொட்டை எழுத்து. ‘சார்பட்டா பரம்பரை’ வந்த 2021-க்குப் பிறகு நம் ஊர் ஜிம்களில் குத்துப்பை தொங்குவது சாதாரணமாகிவிட்டது. பையன்கள் வியர்க்க வியர்க்கக் குத்துவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதைத் தற்காப்பாக விற்கும்போது தவறாமல் ஒரு வாதம் சொல்லப்படுகிறது: ‘தெருவில் வம்புக்கு வருபவன் பயிற்சி இல்லாதவன், அதனால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.’ என் கவலை தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

வாதத்தில் உண்மை இருக்கிறது. பழகாதவன் தோளைப் பின்னால் இழுத்துக் கையை வீசுவான். ஆறு மாதம் ஸ்பாரிங் செய்தவனுக்கு அது கிளம்பும்போதே தெரிந்துவிடும். அடி வாங்கிப் பழகியவன் பதறமாட்டான். மூச்சு, தூரக் கணக்கு, கால் அசைவு எல்லாமே இவன் பக்கம். நாலு பேர் சூழ்ந்தால் என்ன செய்வது, கத்தி எடுத்தால் என்ன செய்வது என்பதெல்லாம் பழைய விமர்சனங்கள், நல்ல பயிற்சியாளர்களே ஒப்புக்கொள்பவை. என் ஆட்சேபம் வேறு. ஒற்றை ஆள், வெறுங்கை, பயிற்சி இல்லை. குத்துச்சண்டைக்கு மிகவும் சாதகமான அந்தச் சூழலில்தான் அது மிகவும் ஆபத்தானது என்கிறேன்.

டவுன் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் இரவு நான் கண்ணால் பார்த்தது. உக்கடம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், நல்ல போதை, ஒரு பையனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பையன் கையைத் தட்டிவிட்டு ஓர் அடி பின்வாங்கினான். இடது கையால் ஒரு ஜாப், வலது கையால் ஒரு கிராஸ். அவ்வளவு சுத்தமாக யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மனிதரின் கைகள் கடைசிவரை மேலே வரவே இல்லை. நின்ற நிலையிலேயே பின்னால் சாய்ந்தார். பின்மண்டை நடைமேடை விளிம்பில் பட்டது. கீழே கிடந்தவரின் ஒரு முழங்கை மட்டும் விறைத்து, விரல்கள் காற்றைப் பிடித்தபடி மேலே நின்றது. பையன் கார்டை இறக்காமல் சில நொடி அப்படியே நின்றான். பிறகு குனிந்து, “எந்திரிங்ணா... ண்ணா, எந்திரிங்ணா” என்று தோளைத் தட்ட ஆரம்பித்தான்.

அவன் எதையும் தப்பாகச் செய்யவில்லை. கற்றதைக் கற்றபடி செய்தான். ரிங்கில் அதே இரண்டு குத்தை வாங்குபவன் தாடையை நெஞ்சோடு ஒட்டிக் கழுத்தை இறுக்கி வைத்திருப்பான். குத்தோடு சேர்ந்து தலையை நகர்த்துவான். பல்லுக்குக் கவசம் இருக்கும். விழுந்தால் மெத்தை விரித்துக் கித்தான் போர்த்திய தரை, எண்ணுவதற்கு நடுவர், பக்கத்திலேயே டாக்டர். நினைவு தப்பியவனைப் பல வாரம் ரிங்குக்குள் விடமாட்டார்கள். இத்தனை ஏற்பாடும் இருப்பதால்தான் அது விளையாட்டு. பஸ் ஸ்டாண்டில் நிற்பவனிடம் இதில் ஒன்றுகூடக் கிடையாது. அடி எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் விழுகிறவனைக் கொல்வது பெரும்பாலும் குத்து அல்ல, தரை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஒரே குத்தில் நேரும் மரணங்களுக்கென்றே 2014-இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்தக் கலையில் நடு அளவு என்பதே இல்லை. மல்யுத்தக்காரன் எதிரியை அமுக்கி வைத்திருக்கலாம். நம் பிடிவரிசையில் மணிக்கட்டை மடக்கி நிறுத்தலாம். திமிறினால் இறுக்கலாம், அடங்கினால் தளர்த்தலாம். குத்துச்சண்டையில் கட்டிப்பிடித்தாலே நடுவர் பிரித்துவிடுவார். மிச்சம் இருப்பது குத்து, அதுவும் பெரும்பாலும் தலைக்கு. உடம்பில் குத்தலாமே என்பார்கள். எந்தத் தற்காப்பு வகுப்பிலும் அதை முதல் பாடமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

குத்தியவன் கைக்கும் உத்தரவாதம் இல்லை. 1988 ஆகஸ்டில் ஹெவிவெயிட் உலக சாம்பியன் மைக் டைசன் நியூயார்க்கின் ஹார்லெம் தெருவில், ரிங்கில் ஏற்கெனவே மோதியிருந்த மிட்ச் கிரீனைக் குத்தித் தன் வலது கை எலும்பை உடைத்துக்கொண்டார். ரிங்குக்குப் போகுமுன் நம் பையன்கள் விரல்முட்டியில் துணிப்பட்டையைப் பொறுமையாகச் சுற்றுவதைப் பாருங்கள். தெருவில் அதற்கு யார் நேரம் தருவார்கள்?

அதே 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் வண்டி நிறுத்துவதில் ஒரு தகராறு. கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து கையால் அடித்த 65 வயதுக்காரர் பிறகு இறந்துபோனார். அந்த அடிதான் மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்று கருதிய உச்ச நீதிமன்றம், காயப்படுத்திய குற்றத்துக்கு மட்டும் 2018-இல் 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2022 மே மாதம் மறுஆய்வில் அதே நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் கொடுத்தது. குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர், கிரிக்கெட் வீரர் போன்ற உடல்வலு உள்ளவர் அடித்தால் வெறுங்கையும் ஆயுதமாகலாம் என்று நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவும், தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை என்கிறது. பல் ஒன்று உடைந்தாலே சட்டத்தின் கணக்கில் அது கொடுங்காயம். மாதக் கட்டணம் வாங்குகிறவர்கள் சேர்க்கும் நாளிலேயே இதைச் சொல்ல வேண்டாமா?

குத்துச்சண்டை தரும் மிகச் சிறந்த தற்காப்பு கால்களில் இருக்கிறது. தூரத்தை அளந்து, எட்டாத இடத்துக்கு நழுவும் அந்தக் கால்கள். நழுவியபின் அப்படியே போய்விடலாம் என்று மட்டும் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. பின்வாங்கினால் அடுத்தது ஜாப் என்றே உடம்பு பழகிவிடுகிறது. அன்றைக்கு அந்தப் பையன் ஓர் அடி பின்வாங்கியபோது, பஸ் படிக்கட்டு அவன் முதுகுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. “உடு கண்ணு, வண்டி எடுக்கறோம், ஏறிக்கோ” என்று கண்டக்டர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்.